மரியாதை வரிசையில் உட்கார வேண்டியவர்கள்

1

இந்தக் கதை எனக்கு அரை வாக்கியமாகத்தான் கிடைத்தது. எதிர்வீட்டு அம்மாள் தன் வீட்டு மொட்டை மாடியில் போர்வை உதறிக்கொண்டிருந்தாள். நான் எங்கள் மொட்டை மாடியில் துணி காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். (காயவில்லை என்று தெரியும். சற்று முன்தான் போட்டேன்.) "ஏரோப்ளேன் அப்படியே உக்காந்துடுச்சுக்கா, எங்க சம்பந்தி வேற உள்ள—" என்றவள், யாரோ வாயில் கை வைத்த மாதிரி நிறுத்தினாள். அடுப்பில் பால் வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு, பாதி உதறிய போர்வையோடு படியிறங்கிப் போய்விட்டாள்.

ஏரோப்ளேன் எப்படி உட்காரும்? உட்கார்ந்தபோது சம்பந்தி உள்ளே என்ன செய்துகொண்டிருந்தார்? இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு ஒருத்தி எப்படி நிம்மதியாகக் காய் நறுக்குவது? மீதியை விசாரித்துச் சேர்த்தேன். விமானத்தில் பெட்டி ஏற்றுகிறவரின் மனைவி கொஞ்சம் சொன்னாள். ஜவுளிக்கடை முதலாளி நிறையச் சொன்னார். அதற்கப்புறமும் இருந்த ஓட்டைகளை நானே அடைத்தேன். எது கேட்டது, எது அடைத்தது என்று என்னைக் கேட்காதீர்கள். பூச்சு காய்ந்துவிட்டது, இப்போது எனக்கே தெரியாது.

கதாநாயகர் அந்த அம்மாளின் கணவர். தெருவில் அவர் பெயர் தராசு. மலைக்கு அந்தப் பக்கம் போகும் சின்ன விமானத்தில் யார் எந்த சீட்டில் உட்காருவது, எந்தப் பெட்டி எங்கே போவது என்று தீர்மானிப்பது அவர் வேலை. அந்தப் புத்தி வீடுவரைக்கும் வரும். அவர் வீட்டுக்குப் போனால் சோபாவில் நம் இஷ்டத்துக்கு உட்கார முடியாது. "நீங்க அந்த ஓரம். நீங்க கொஞ்சம் நடுவுல வாங்க" என்பார். காய்கறிப் பை இரண்டு கையிலும் ஒரே எடையாக இல்லாவிட்டால் நடுத்தெருவில் நின்று கிழங்கை இந்தப் பையிலிருந்து அந்தப் பைக்கு மாற்றுவார். மனைவியை ஒரு சொல் சொன்னால் அதே சூட்டோடு போய்த் தன் அம்மாவையும் ஒரு சொல் சொல்லிவிட்டு வருவார். அப்படியொரு நீதிமான்.

2

எங்கே தொடங்குவது?

தொடக்கம் ஒன்று: "கார்மேகங்கள் மலைமுகடுகளைத் தழுவிக் கிடந்த அந்தக் காலைப்பொழுதில், ஓடுபாதையின் விளிம்பில் ஓர் இரும்புப் பறவை தன் சிறகுகளை"

வேண்டாம். அந்த விமானத்தை நான் பார்த்திருக்கிறேன், ஏறியும் இருக்கிறேன். பறவையுமில்லை ஒன்றுமில்லை. மினி பஸ்ஸுக்கு இறக்கை ஒட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருக்கும்.

தொடக்கம் இரண்டு: "புவியீர்ப்புக்கு ஏழை பணக்காரன் தெரியாது, பெரியவர் சிறியவர் தெரியாது, அது"

நல்ல வாக்கியம். யாராவது மேடையில் பேசப் போகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

தொடக்கம் மூன்று: "மகளைக் கூட்டிப்போக சம்பந்தியே நேரில் வந்திருக்கிறார் என்பதில் தராசுக்குப் பாதி சந்தோஷம், பாதி கலக்கம்."

இது இருக்கட்டும். கலக்கத்துக்குக் காரணம் சொல்கிறேன். மகள் கல்யாணமாகி மலைக்கு அந்தப் பக்கத்து ஊருக்குப் போனவள், வருஷம் திரும்புவதற்குள் பெட்டியோடு வந்து இறங்கினாள். சண்டைக்குக் காரணம் காபி. ஒருநாள் காலையில் சம்பந்திக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவருடைய தம்பிக்குக் கொடுத்துவிட்டாளாம். தம்பி வாசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், தட்டு முதலில் அவரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் சம்பந்தி அதை ஒரு மாதம் விடவில்லை. "காபி ஆறிப் போச்சுன்னு நான் சொல்லல. நான் யாருன்னுதான் கேக்குறேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பதில் தெரியாமல் அவள் கிளம்பி வந்துவிட்டாள்.

இப்போது அவர் பெரிய மனசு பண்ணி, மனைவியையும் இரண்டு தம்பிகளையும் கூட்டிக்கொண்டு, மருமகளை அழைத்துப்போக வந்திருக்கிறார். மகளுக்கும் போக ஆசைதான். மாப்பிள்ளை நல்ல பையன். வழியில் எவனும் எந்தத் தட்டையும் தப்பான பக்கத்திலிருந்து நீட்டிவிடக் கூடாது, அதுதான் தராசின் கவலை.

3

இந்த இடத்தில் நான் கொஞ்சம் விமான சாஸ்திரம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், எனக்குத் தெரிந்ததே இவ்வளவுதான்.

விமானத்தைத் தாங்குவது இறக்கை. எடையெல்லாம் இறக்கையை ஒட்டி இருக்க வேண்டும். வால்பக்கம் எடை கூடிவிட்டால் கிளம்பும்போது மூக்கு மேலே தூக்கும். தூக்கிய மூக்கைக் கேப்டன் எவ்வளவு அழுத்தினாலும் இறக்க முடியாது. வேகம் செத்துப்போகும். முதலில் மூக்கு மட்டும் இறங்க மறுக்கும். அப்புறம் மொத்தமாக இறங்கும். பெரிய விமானத்தில் ஒருவர் எழுந்து நடந்தால் விமானத்துக்குத் தெரியாது. இந்தச் சின்னதில் ஜவுளிக்கடை முதலாளி திரும்பி உட்கார்ந்தாலே கேப்டனுக்குத் தெரியும் என்று தராசு சொல்வார். (மிகையாக இருக்கலாம் என்று எழுதப் போனேன். முதலாளியை நினைத்துப் பார்த்துவிட்டு எழுதாமல் விட்டேன்.)

பெட்டிகள் வைக்கும் அறை இந்த விமானத்தில் வால்பக்கம் இருக்கிறது. ஏறும் கதவும் அங்கேதான். ஆகவே கனமான ஆட்கள் முன்னால் உட்கார வேண்டும், ஒல்லியானவர்கள் பின்னால். கவுண்டரில் ஒவ்வொருவரையும் கைப்பையோடு எடை மேடையில் நிற்க வைப்பார் தராசு. எண் அவருக்கு மட்டும் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒரு அட்டையை வெட்டி மறைப்பு வைத்திருந்தார். எந்த எண் வந்தாலும் முகம் ஒரே மாதிரி இருக்கும். அதற்காகவே கண்ணாடி முன்னால் நின்று பழகினார் என்று அவர் மனைவி ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

முகத்தை மறைத்து என்ன பிரயோஜனம்? "நீங்க முன்னாடி உக்காருங்க" என்றதுமே ஊருக்கே தெரிந்துவிடும். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஒருநாள் கேட்டேவிட்டார்.

"எதுக்கு முன்னாடி?"

"பேலன்ஸுக்கு மேடம்."

"ஓ. என் ஒருத்தியாலதான் உங்க ப்ளேன் பறக்குதா?"

தலைமையாசிரியைகள் புகார் எழுதினால் அதில் அடித்தல் திருத்தல் இருக்காது. தலைமை அலுவலகம் ஆடிப்போனது. பயணிகளின் மனம் கோணாமல் எடைச் சமநிலை பேணப்பட வேண்டும் என்று பதில் வந்தது. எப்படிப் பேணுவது என்பது வரவில்லை.

தராசு இரண்டு நாள் சோறு தண்ணி இல்லாமல் யோசித்தார். பிறகு முன்னால் இருக்கும் சீட்டுகளின் தலைப்பக்கத்துக்கு வெள்ளைத் துணி உறை போட்டார். ஒரு பலகை எழுதி வைத்தார்: மரியாதை வரிசை.

அவ்வளவுதான். அடுத்த பயணத்தில் தலைமையாசிரியை எடை மேடையிலிருந்து இறங்கியதும், "மேடம், உங்களுக்கு மரியாதை வரிசை" என்றார். அந்த அம்மையார் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவரிடம் படித்த யாரும் பார்த்ததில்லை.

4

மரியாதை வரிசை வந்த பிறகு எங்கள் தெரு தெருவாக இல்லை.

ஜவுளிக்கடை முதலாளி வருஷா வருஷம் பெருத்தார். சீட்டும் வருஷா வருஷம் ஒவ்வொன்றாக முன்னால் நகர்ந்தது. "வயசு ஏற ஏறத்தான் நம்ம அருமை தெரியுது" என்று கடை வாசலில் எல்லோரிடமும் சொன்னார். காண்ட்ராக்டர் ஒருவர் டாக்டர் சொன்னாரே என்று ஓடி ஓடி இளைத்தார். இளைத்த கையோடு மலைக்கு அந்தப் பக்கம் போனவருக்கு நடுவில் சீட் கிடைத்தது. "என்ன தம்பி, நம்ம பேர் கெட்டுப் போச்சா? யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று தராசிடம் தனியாக வந்து கேட்டார். வீட்டுக்குப் போய் ஓட்டத்தை நிறுத்தினார். இரண்டே மாதத்தில் மரியாதை திரும்பி வந்தது. ஊரில் எல்லோருக்கும் வைத்தியம் பார்த்த அந்த டாக்டரோ தென்னங்குச்சி மாதிரி இருப்பார். அவருக்கு ஒருநாளும் கிடைக்கவில்லை. கைராசி இல்லாத டாக்டராக இருக்கும், அதுதான் கம்பெனிக்காரனுக்கே தெரிந்திருக்கிறது என்று கூட்டம் குறைந்தது.

ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். மரியாதை கிடைக்கும்போது யார் சந்தேகப்படுவார்கள்? கிடைக்காதவர்கள்தான் சந்தேகப்படுவார்கள், அதுவும் தங்கள் ஜாதகத்தை.

* அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. எனக்கு இரண்டு முறை மரியாதை வரிசை கிடைத்திருக்கிறது. வெள்ளைத் துணி தெரிகிற மாதிரி படம் எடுத்து எல்லா உறவுக்காரர்களுக்கும் அனுப்பினேன். என் நாத்தனாருக்கு இரண்டு தடவை அனுப்பினேன். இந்தப் பகுதியை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான், மேலே இருக்கும் மூன்றாவது பகுதியை நானே எழுதியிருக்கிறேன் என்பது உறைத்தது. சரி, மேலே போவோம்.

5

இனி அந்த நாள்.

சம்பந்தியை நீங்கள் பார்க்க வேண்டும். நனைந்த குடையை மடக்கி மூலையில் சாய்த்து வைத்தால் எப்படி, அப்படி. தம்பிகள் இருவரும் அதே கம்பெனிக் குடைகள். சம்பந்தியம்மா நேர்மாறு. பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, பெரிய கைப்பை.

சம்பந்தி எடை மேடையில் ஏறினார். எண்ணைப் பார்த்த தராசுக்கு, மேடைதான் பழுதாகிவிட்டதோ என்று ஒரு கணம் தோன்றியது. அவர் போட்டு வைத்திருந்த கணக்குப்படி சம்பந்திக்கு இடம் பின்பக்கம், பெட்டி அறைக்கு முன்னால்.

"நமக்கு அந்த மரியாதை வரிசைதானே சம்பந்தி?" என்றார் அவர், மேடையிலிருந்து இறங்காமலே. "நேத்து ஜவுளிக்கடையில சொன்னாங்க. கடைக்காரரே அங்கதான் உக்காருவாராமே."

மகள் அப்பாவைப் பார்த்தாள்.

"உங்களுக்கு இல்லாததா சம்பந்தி?" என்றார் தராசு.

இந்த இடத்தில் எனக்கு இவர்மேல் நம்பிக்கை போய்விட்டது. சோபா கோணினால் பொறுக்காத மனிதர் இதை எப்படிச் சொல்வார்? வேறு விதமாக எழுதிப் பார்த்தேன். "மன்னிச்சுக்குங்க சம்பந்தி, கணக்குப்படி நீங்க பின்னாடிதான்" என்று தராசு உறுதியான குரலில்

இல்லை. உறுதியான குரல் அவருக்கு இல்லை. மகள் வாழாவெட்டியாக மாடியில் நின்று காக்கை விரட்டிக்கொண்டிருந்த மாதங்களை நானும் எதிர்மாடியிலிருந்து பார்த்தவள். நம்பிக்கை இல்லாமலே அடுத்த வரிக்குப் போகிறேன். அவர் சொன்னார். சொல்லிவிட்டுக் கணக்கைத் திருப்பிப் போட்டார். ஒல்லியான ஆள் ஒருவர் முன்னால் போனால் விமானம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. பின்னாலிருந்து பெட்டிகளை இறக்கிவிட்டால் சரியாகிவிடும். முதலாளியின் துணிமூட்டைகள் அடுத்த விமானத்தில் வரட்டும். ஒரு சம்பந்தியைக் கணக்கு தாங்கும்.

மூன்று சம்பந்தியைத் தாங்காது.

"அண்ணன் முன்னாடி, நாங்க பின்னாடியா?" என்றார் பெரிய தம்பி.

"காபி விஷயத்துல பட்டது போதாதா நமக்கு?" என்றார் சின்னத் தம்பி, யாருக்கும் கேட்காத குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி. அந்த முதல் காபியைக் குடித்த தம்பி இவர்தான்.

குடைகள் மூன்றும் போய் வெள்ளைத் துணியில் சாய்ந்தன. சம்பந்தியம்மா மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வாம்மா, நாம கதவு பக்கத்துல காத்தாட உக்காருவோம்" என்று கடைசி சீட்டில் உட்கார்ந்தாள்.

6

அப்போதுதான் ஜவுளிக்கடை முதலாளி ஏறினார். அவர் சீட்டில் ஒரு குடை இருந்தது.

கோபப்பட்டிருந்தால் நல்லதாய்ப் போயிருக்கும். கோபப்பட்டவரைச் சமாதானப்படுத்தி எங்கேயாவது உட்கார வைக்கலாம். அவர் பெருந்தன்மைப்பட்டார்.

"இருக்கட்டும், இருக்கட்டும். சம்பந்தி வந்திருக்காங்க, நம்மளை யாரு கேக்கப் போறா? துணிமூட்டையவே இறக்கியாச்சு. நான் ஒரு ஓரமா கடைசியிலயே உக்காந்துக்கிறேன்" என்று பின்னால் உட்கார்ந்தார்.

அவருக்குப் பின்னால் ஏறிய தலைமையாசிரியை இதைப் பார்த்தார். "அண்ணாச்சிக்கே இந்த நெலமைன்னா எனக்கு எதுக்கு அந்த வெள்ளைத் துணி?" என்று அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். முன்னமே ஏறி முன்பக்கம் உட்கார்ந்திருந்த காண்ட்ராக்டரும் எழுந்து வந்தார். ஊரின் மொத்த மரியாதையும் வாலில் போய்க் கூடிவிட்டது.

முன்னால் இருந்த சம்பந்திக்கு முள்ளாகக் குத்தியது. பெரிய மனிதர்கள் பின்னால் இருக்க, தான் மட்டும் முன்னால் இருந்தால் ஊர் என்ன சொல்லும்? எழுந்து பின்னால் வந்தார்.

"அதெல்லாம் வேணாங்க. நீங்க முன்னாடி வாங்க."

"ஐயய்யோ, நீங்க விருந்தாளி. நீங்க இருங்க."

"நீங்க வரலைன்னா நானும் இங்கயே நிக்கிறேன்."

"அண்ணனே நிக்கிறாரு, நாம உக்காரலாமா?" என்று தம்பிகளும் எழுந்து வந்தார்கள். முதலாளி எழுந்து சம்பந்தியின் கையைப் பிடித்து முன்னால் தள்ளினார். சம்பந்தி அவர் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். தள்ளியதும் இழுத்ததும் சரியாகப் போய், யாரும் ஓரடிகூட நகரவில்லை. தலைமையாசிரியை எழுந்து இருவரையும் அதட்டினார். எல்லோரும் கதவோரம், வால்பக்கம், நின்ற இடத்திலேயே நின்று ஒருவரையொருவர் கௌரவப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆள் ஏறும் நேரத்தில் வால் தாழாமல் இருக்க, கீழே ஒரு முட்டுக்கம்பி கொடுத்திருப்பார்கள். எல்லோரும் உள்ளே போனதும் பெட்டி ஏற்றுகிறவர் அதை எடுப்பது வழக்கம். எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். வழக்கப்படி எடுத்தார்.

விமானம் உட்கார்ந்தது.

பெரிய சத்தம் என்று நினைக்காதீர்கள். சாப்பிட்டுவிட்டு வந்த ஒருவர் சாய்வு நாற்காலியில் சாய்கிற சத்தம்தான். வால் தரையில், மூக்கு ஆகாயத்தில். ரன்வேயைப் பார்த்துக்கொண்டிருந்த கேப்டன் திடீரென்று வானத்தைப் பார்த்தார். உள்ளே சம்பந்தி முதலாளியின் மேல், தம்பிகள் சம்பந்தியின் மேல், கைப்பைகள் எல்லோர் மேலும். எல்லாவற்றுக்கும் அடியில் சம்பந்தியம்மா மருமகளை இறுக்கிக் கட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வர, குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

யாருக்கும் அடியில்லை. கதவோரம் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். முதலாளி இறங்கியதும் மூக்கு கொஞ்சம் தாழ்ந்தது. தலைமையாசிரியை இறங்கியதும் இன்னும் கொஞ்சம். காண்ட்ராக்டருக்குக் கொஞ்சம். சம்பந்தியம்மா தரையில் கால் வைத்தபோது முன்சக்கரமும் தரையில் கால் வைத்தது. மூன்று குடைகளும் இன்னும் உள்ளேதான் நின்றிருந்தன. அவர்கள் இருந்தும் விமானத்துக்கு ஒன்றும் தெரியவில்லை.

பட்டப்பகலில், இத்தனை பேர் கண்முன்னால், மரியாதை என்றால் என்ன என்று விமானம் பாடம் நடத்திக் காட்டிவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். பார்த்துவிட்டு எல்லோரும் சேர்ந்து பெட்டி ஏற்றுகிறவரைத் திட்டினார்கள்.

7

மெக்கானிக் வந்து வாலுக்கடியில் படுத்துப் பார்த்தார். தரையில் இடித்தால் தாங்குவதற்கென்றே அங்கே இருக்கும் ரப்பர் கட்டையில் மட்டும் கீறல் என்று எழுந்தார். மலைப்பக்கம் மேகம் ஏறிக்கொண்டிருந்தது. கேப்டன் தராசைத் தனியாகக் கூப்பிட்டார்.

"யார் எங்க உக்காந்திருக்காங்கன்னு நீங்க சொல்றதுதான் எனக்குக் கணக்கு. எனக்கு முதுகுல கண்ணு இல்ல. நீங்க சரின்னா எடுப்பேன். தரையில உக்காந்தா சிரிக்கலாம் சார். மேல போய் உக்காந்தா?"

தராசு திரும்பிப் பார்ப்பதற்குள் குடைகள் முதல் ஆளாகப் போய் வெள்ளைத் துணியில் உட்கார்ந்துவிட்டார்கள். இந்த முறை எழுந்திருப்பதில்லை என்ற முடிவோடு. முதலாளியும் தலைமையாசிரியையும் காண்ட்ராக்டரும் படிக்கட்டுக்கருகே நின்று, கடைசி சீட்டைத் தவிர வேறெதிலும் உட்காருவதில்லை என்று பேசி வைத்துக்கொண்டிருந்தார்கள். பெட்டிகள் அத்தனையையும் இறக்கினாலும் அந்த மூன்று பேருக்கு ஈடாகாது. மகள் படிக்கட்டின் நடுவில் நின்றாள். ஏறட்டுமா, இறங்கட்டுமா என்று கேட்கிற முகம்.

இங்கிருந்து நான் மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

(முடிவு அ) உண்மை. "சம்பந்தி, இது மரியாதை வரிசை இல்ல, எடை வரிசை. குண்டா இருக்கிறவங்களை முன்னாடி உக்கார வைக்க நான் கட்டின கதை" என்று சொல்லிவிடுகிறார். மூன்று குடைகளும் மடங்கிப் பின்னால் போகின்றன. முன்னால் உட்கார வேண்டியவர்களோ இத்தனை வருஷமாகத் தங்களை எதற்காகக் கும்பிட்டார்கள் என்று தெரிந்துகொண்டு பஸ்ஸில் போகிறார்கள். காபிக்கு ஒரு மாதம் பேசிய வீட்டில் இதை எத்தனை வருஷம் பேசுவார்கள்? அதைக் கேட்டுக்கொண்டு அடுப்படியில் நிற்கப் போவது மகள். எழுதியபோது கை நிமிர்வாக இருந்தது. படித்தபோது அந்தப் பெண்ணின் முகத்தை என்னால் எழுத முடியவில்லை.

(முடிவு ஆ) இன்னும் பெரிய பொய். "இன்னைக்கு மட்டும் கடைசி வரிசைதான் விசேஷ மரியாதை வரிசை!" என்று அறிவிக்கிறார். இதை ஒரே மூச்சில் எழுதி, எழுதிய சூட்டோடு என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். அவர் பேப்பரை இறக்காமலே, "அப்ப முதலாளியும் பின்னாடிதானே ஓடுவாரு?" என்றார். ஆமாம். மரியாதை என்றால் எல்லோரும்தான் ஓடுவார்கள். மறுபடி உட்காரும். கிழித்துப் போட்டேன். (அவர் சொன்னது சரி என்று அவரிடம் நான் சொல்லவில்லை.)

(முடிவு இ) சம்பந்தியம்மா. இது முடிவு இல்லை, நடந்தது. ஆனால் இது நடந்ததால் முடிவு இன்னும் கஷ்டமாகிவிட்டது.

அவள் தராசின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, நான் எந்த வீட்டுக்குப் போனாலும் மொதல்ல அங்க இருக்கிற நாற்காலி என்னைத் தாங்குமான்னுதான் பாப்பேன். ஆளைப் பாக்கிறது அப்புறம். எனக்குத் தெரியாதா, எதுக்கு யாரை எங்க உக்கார வைக்கிறாங்கன்னு?"

தராசுக்கு முகம் போன போக்கில், கண்ணாடி முன் பழகியதெல்லாம் பாழ்.

"நான் முன்னாடி போயிடுறேன். பின்னாடி நிக்கிற அந்த மூணு பேரையும் நானே பேசி இழுத்துட்டு வரேன், அது என் பொறுப்பு. ஆனா முன்னாடி சீட் காலியா இருக்கணுமே. உங்க சம்பந்தியை நீங்கதான் எழுப்பணும்."

"நீங்க ஒரு வார்த்தை சொன்னா—"

"நான் சொன்னா அது புருஷன் பொண்டாட்டி சண்டை. நாளைக்கு மறந்துடுவாரு, இன்னைக்கு எழுந்திரிக்க மாட்டாரு. நீங்க சொல்லணும். சொல்றதை உங்க பொண்ணு கேக்கிற மாதிரி சொல்லுங்க. அவளும் அந்த வீட்லதானே இருக்கப் போறா, இவர்கிட்ட எப்படிப் பேசணும்னு ஒருத்தராவது அவளுக்குக் காட்டுங்க."

8

மகள் புகுந்த வீடு போய்ச் சேர்ந்தாள். அதில் உங்களைத் தவிக்க விடுகிற அளவுக்கு நான் கொடுமைக்காரி இல்லை. நேற்றுகூட எதிர்மாடியில் அவள் அம்மா அவளோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, அந்தப் பக்கத்திலிருந்து என் காதுவரைக்கும் வருகிற அளவுக்கு இன்னொரு சிரிப்பு. ஆக, தராசு ஏதோ சொல்லியிருக்கிறார். சம்பந்தி எழுந்திருக்கிறார். மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் இருந்திருக்கிறது.

என்ன சொன்னார் என்பதுதான் எனக்குக் கிடைக்கவில்லை. பெட்டி ஏற்றுகிறவர் கீழே நின்றிருந்தார். முதலாளியைக் கேட்டால், தான் அப்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்கிறார். எதையும் விட்டுவைக்காத மனிதர் அதை மட்டும் பார்க்கவில்லையாம். எதிர்வீட்டு அம்மாளிடம் மூன்று வழியில் கேட்டுவிட்டேன். "அவரு சொல்லிட்டாருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்கிறாள். சொல்லும்போது அவள் முகத்தில் கல்யாணமான புதிதில் இருந்திருக்கக்கூடிய ஒரு வெட்கம் வருகிறது.

எத்தனையோ வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். பணிவாக எழுதினால் சம்பந்தி நகரவில்லை. காரமாக எழுதினால் மகள் படிக்கட்டிலிருந்து இறங்கிவிடுகிறாள். விஞ்ஞானமாக எழுதினால் பெரிய தம்பி சந்தேகம் கேட்கிறார். எனக்கு வரவில்லை. நான் பிறரைப் பற்றிப் பேசுவதில் கெட்டி. நேரில் ஒருவர் முகத்தைப் பார்த்து ஒன்றைச் சொல்லிப் பழக்கமில்லை.

ஆகவே தராசுக்குப் பதிலாக நீங்கள் ஏறுங்கள். படியில் மகள் நிற்கிறாள், தோளை ஒடுக்கி வழிவிடுவாள். உள்ளே கூரை தாழ்வு. யாராக இருந்தாலும் குனிந்துதான் போக வேண்டும். குனிந்தபடியே நடந்து, முதல் சீட்டுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். நீங்கள் குனிந்திருப்பதைப் பார்த்து, வணங்கத்தான் வந்திருக்கிறீர்கள் என்று சம்பந்தி திருப்தியோடு தலையசைக்கிறார். அவர் தலைக்குப் பின்னால் நீங்களே போட்ட வெள்ளைத் துணி. ஜன்னலுக்கு வெளியே மேகம் பாதி மலையை விழுங்கிவிட்டது. கேப்டன் திரும்பி, சரியா என்று கண்ணாலேயே கேட்கிறார். உங்களுக்குப் பின்னால் மகள் இரண்டு படி ஏறி, தலையை உள்ளே நீட்டிக் காத்திருக்கிறாள்.

முதல் வார்த்தையை மட்டும் நான் எடுத்துக் கொடுக்கிறேன்.

"சம்பந்தி,